ரயர் சென்சரை மாற்றவேண்டுமா? காசு கட்டுமுன் பார்க்கவேண்டியவை

போன நவம்பரில், முதல் குளிர் இறங்கிய கிழமை, எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் அண்ணை ஒருவர் கையில் ஒரு கடதாசியோடு வந்தார். அவருடைய வாகனத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கியிருந்தது. கராச்சுக்குக் கொண்டுபோக, ரயர் சென்சர் நாலையும் மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்நூறு டொலருக்குக் கிட்ட வந்தது.

"தம்பி, உண்மையாவே மாத்தத்தான் வேணுமோ?"

"பொறுங்கோ அண்ணை, முதல்ல காத்தைப் பாப்பம்."

காற்றழுத்தம் அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். நாலு ரயரிலும் அழுத்தம் 24, 25 பிஎஸ்ஐதான் இருந்தது. கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் 33 என்று போட்டிருந்தது. காற்று அடித்து, பத்து நிமிடம் ஓடிவிட்டு வந்தபோது விளக்கு அணைந்துவிட்டது. சென்சரில் ஒரு பிழையும் இருக்கவில்லை. காற்றுக் குறைந்ததைச் சொல்லத்தான் அது வைக்கப்பட்டது, அதைச் சொல்லியிருந்தது.

ரொறன்ரோவில் ரயர்க் கடையில் சில வருடம் நின்றவன் என்பதால் ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் இந்தக் கேள்வி என்னிடம் வரும். முதல் வாகனம் வாங்கியவர்களுக்கும், விண்ரர் ரயர் முதன்முறை போடுகிறவர்களுக்கும் பயன்படும் என்று, பார்க்கவேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. விளக்கு எப்படி எரிகிறது?

குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவே ஆச்சரியக்குறி. அதுதான் ரயர்க் காற்று விளக்கு. வாகனத்தை இயக்கியதும் இது சில நொடி எரிந்து அணையவேண்டும். ஒருபோதுமே எரியவில்லை என்றால் உங்கள் வாகனத்தில் இந்த அமைப்பே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவில் 2007 செப்ரெம்பரிலிருந்து செய்யப்பட்ட எல்லாப் பயணிகள் வாகனத்திலும் இது கட்டாயம். கனடாவில் அப்படியொரு சட்டம் வரவில்லை. அதனால் அமெரிக்காவில் விற்ற அதே மொடல் இங்கே சென்சர் இல்லாமலும் விற்கப்பட்டிருக்கிறது. பழைய வாகனம் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். இல்லாத சென்சருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

விளக்கு எரிகிற விதம் இரண்டு. வாகனத்தை இயக்கியவுடனேயே சீராக எரிந்துகொண்டிருந்தால், காற்றுக் குறைந்திருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் விட்டுவிட்டு மின்னி, அதன் பிறகு அணையாமல் எரிந்தால், அமைப்பிலேயே பழுது. ஏதோ ஒரு சென்சரின் செய்தி வாகனத்துக்குக் கிடைக்கவில்லை. முதலாவது காற்றுப் பிரச்சினை, இரண்டாவது சென்சர் பிரச்சினை. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருந்தாலே பாதிப் பேர் கராச்சுக்குப் போகத் தேவையில்லை. காலையில் வாகனத்தை இயக்கும்போது இரண்டு நிமிடம் விளக்கையே பாருங்கள். கைபேசியில் படம் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. கராச்சில் நிற்கும்போது அந்த மின்னல் வராமலும் போகலாம்.

2. கேஜ் வைத்துப் பாருங்கள்

ரயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றபின், பார்க்கவேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண் அந்த ரயர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்கக்கூடாது. கனடா வாகனங்களில் கிலோபாஸ்கலும் சேர்ந்திருக்கும். 230 கிலோபாஸ்கல் என்றால் 33 பிஎஸ்ஐ.

குளிர் இதில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். வெப்பம் ஐந்து, ஆறு பாகை குறையக்குறைய ரயரில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும். செப்ரெம்பரில் 20 பாகையில் 31 பிஎஸ்ஐ இருந்த ரயர், ஜனவரியில் -20 பாகைக் காலையில் 25க்கு வந்துவிடும். ஒரு ஆணியும் குத்தவில்லை, காற்றும் வெளியே போகவில்லை. அமெரிக்கச் சட்டப்படி, தாளில் உள்ள அளவிலிருந்து 25 வீதம் குறைந்தால் விளக்கு எரியவேண்டும். 33 என்றால் அது 25க்குச் சற்றுக் கீழே. அந்தக் கோட்டில் நிற்கிற ரயர் காலையில் விளக்கை எரியவைக்கும். ஹைவே 401இல் அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் விளக்கு அணையும். பின்னேரம் கராச்சில் காட்டினால் ஒன்றும் தெரியாது. "விளக்கு வருது, போகுது, சென்சர் பழுதுபோல" என்று முடிவுகட்டுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

நாலிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் குளிர். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் ஆணியோ, வால்வோ, றிம் விளிம்பில் துருவோ இருக்கும். அதைத் திருத்தவேண்டும். சென்சரோடு அதற்குத் தொடர்பில்லை. சில பெரிய எஸ்யூவிகளில் ஸ்பெயார் ரயருக்குள்ளும் சென்சர் உண்டு. நாலும் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் அதையும் பாருங்கள். வாகனத்துக்கு அடியில் தொங்கும் அந்த ரயருக்குக் காற்று அடிப்பவர்கள் மிகக் குறைவு.

3. உங்கள் ரயருக்குள் சென்சர் இருக்கிறதா?

விளக்கு இருந்தால் ரயருக்குள் சென்சரும் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒவ்வொரு சில்லிலும் வால்வோடு சேர்ந்து ஒரு சிறிய சென்சர் இருந்து, அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்புவது. மற்றது, ஏபிஎஸ் பிரேக்குக்கு ஏற்கெனவே இருக்கும் வேக சென்சர்களை வைத்துக் கணிப்பது. காற்றுக் குறைந்த ரயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும். அதனால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வாகனமே கண்டுபிடித்துவிடும். இந்த இரண்டாம் வகையில் சில்லுக்குள் மாற்ற ஒன்றுமே இல்லை. அண்மைக்கால ஹொண்டா சிவிக், வொக்ஸ்வாகன் கோல்ஃப் போன்றவற்றில் இதைக் காணலாம்.

எது என்று கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி: ஒவ்வொரு ரயரின் காற்றளவையும் தனித்தனி எண்ணாகத் திரை காட்டினால் பெரும்பாலும் உள்ளே சென்சர் உண்டு. எண் காட்டாமல், காற்று அடித்தபின் "மீள் அளவீடு" செய்யச் சொல்லி மெனுவிலோ பொத்தானிலோ கேட்டால் அது கணிக்கும் வகை. அந்த வகையில் காற்று அடித்துவிட்டு அளவீட்டைத் திரும்பச் செய்யாமல் விட்டால் விளக்கு அணையாது. பலர் இதை அறியாமல் கராச் கராச்சாகத் திரிகிறார்கள். உரிமையாளர் கையேட்டில் இரண்டு பக்கம்தான் இருக்கும், வாசித்துவிடுங்கள்.

4. ஸ்கான் செய்யச் சொல்லுங்கள்

காற்று சரி, உள்ளே சென்சரும் உண்டு, விளக்கு மின்னுகிறது. இப்போதுதான் கடைக்குப் போகவேண்டும். போகுமுன் ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: இது எப்போது தொடங்கியது? ரயர் மாற்றிய மறுநாளே என்றால், புதிய சில்லில் சென்சர் இல்லை, அல்லது அதன் அடையாள எண் வாகனத்துக்குச் சொல்லப்படவில்லை, அல்லது ரயரைக் கழற்றும்போது சென்சரை உடைத்துவிட்டார்கள். அதற்குரிய பொறுப்பு மாற்றிய கடைக்கு உண்டு. பற்றுச்சீட்டோடு அங்கேயே போங்கள்.

கடையில் ரீவி ரிமோட்டை விடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று வைத்திருப்பார்கள். அதை ஒவ்வொரு ரயரிலும் வால்வுக்குக் கிட்டப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், அது குறைந்த அலைவரிசையில் ஒரு சமிக்ஞை அனுப்பித் தூங்கிக்கொண்டிருக்கும் சென்சரைத் தட்டி எழுப்பும். சென்சர் உடனே தன் அடையாள எண், காற்றழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைச் சொல்லும். பல சென்சர்கள் பற்றரியின் நிலையையும் சொல்லும். நாலு சில்லையும் சுற்றிவர ஐந்து நிமிடம் போதும். அந்தத் திரையை நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள், படம் எடுத்துவையுங்கள். எது பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று கண்ணால் காணாமல் "நாலும் பழுது" என்ற வாய்ச்சொல்லுக்குக் காசு கட்டாதீர்கள். ஸ்கான் செய்யாமலே விலை சொல்லும் கடையிலிருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

5. சென்சர் ஏன் சாகிறது?

முதற்காரணம் பற்றரி. உள்ளே நாணயம் போன்ற லிதியம் பற்றரி ஒன்று இருக்கும். ஈரமும் அதிர்வும் தாக்காமலிருக்க அதைப் பிசின் ஊற்றிப் புதைத்திருப்பார்கள். ஆகவே பற்றரியை மட்டும் மாற்ற முடியாது. பொதுவாக ஐந்து தொடக்கம் பத்து வருடம் நிற்கும். நிறைய ஓடும் வாகனத்தில் சீக்கிரம் தீரும், ஏனென்றால் சில்லு சுற்றும்போதுதான் சென்சர் விழித்திருந்து செய்தி அனுப்புகிறது. சாகப்போகிற பற்றரி முதலில் குளிரில்தான் தன்னைக் காட்டும். உறைந்த காலையில் மின்னும், நண்பகலில் ஒன்றும் இருக்காது.

மற்றக் காரணம் உப்பு. இதை நான் கையால் தொட்டுப் பழகியவன். ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுகிறார்கள். பல சென்சர்களின் வால்வுத் தண்டு அலுமினியம். அதற்குமேல் அழகுக்காக ஒருவர் உலோக மூடி போட்டிருப்பார். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு குளிர்காலம் போனபின் அந்த மூடியைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் திருகினால் அசையாது. குறடு பிடித்துத் திருகினால் "டக்" என்று ஒரு சத்தம். மூடி, தண்டின் நுனி, உள்ளே இருந்த ஊசி எல்லாம் சேர்ந்து குறட்டோடு கையில் வந்துவிடும், காற்று சீறிக்கொண்டு போகும். பற்றரி நல்லாக இருந்த ஒரு சென்சர், மூன்று டொலர் மூடியால் போய்விடும். பிளாஸ்ரிக் மூடி மட்டும் போடுங்கள். வால்வின் உள் ஊசியை மாற்றினால் நிக்கல் பூசியது வேண்டும். சாதாரணப் பித்தளை ஊசி அலுமினியத்தோடு இறுகிப்போகும்.

6. இனி முடிவு

விலையைப் பிரித்துப் பாருங்கள். ஒரு சென்சர் பெரும்பாலும் 50 தொடக்கம் 100 டொலருக்குள் வரும், சில வாகனங்களுக்கு அதற்கும் மேல். அதைப் போட ரயரை றிம்மிலிருந்து இறக்கி, ஏற்றி, பலன்ஸ் செய்யவேண்டும். அந்தக் கூலி சில்லுக்குச் சில்லு. ஆகவே மாற்றுவதற்கு உகந்த நேரம், எப்படியும் புதிய ரயர் போடுகிற நாள். அன்று கூலி ஏற்கெனவே கட்டியாயிற்று.

வாகனத்துக்கு ஏழு, எட்டு வயது, ஒரு சென்சர் பற்றரி தீர்ந்து நின்றுவிட்டது என்றால், நாலையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன். நாலும் ஒரே நாளில் பிறந்தவை, மற்ற மூன்றும் பின்னாலேயே வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூலி கொடுத்து முடியாது. ஆனால் மூன்று வயது வாகனத்தில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவை இன்னும் பல வருடம் நிற்கும்.

ரயரில் இன்னும் இரண்டு குளிர்காலத்துக்குப் பூ (தேயாமல் மிச்சமிருக்கும் வரிப்பள்ளம்) இருக்கிறது, ஒரு சென்சர் மட்டும் செத்துவிட்டது என்ற நிலைதான் கடினம். வாகனத்தை உங்கள் பிள்ளை புதிதாக ஓடப் பழகுகிறான், அல்லது நீங்கள் தினமும் ஹைவேயில் போகிறீர்கள் என்றால் காத்திருக்காதீர்கள். ஒரு சென்சர் செத்தால், விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருப்பதால், மற்ற மூன்றில் ஒன்று உண்மையாகவே காற்று இறங்கினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் வளைந்து வளைந்து சூடேறித்தான் வெடிக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் பிரிந்து பலர் இறந்த பிறகுதான் இந்த விளக்குக்கே சட்டம் வந்தது.

வாகனத்தை அடுத்த வருடம் கழிக்கப்போகிறீர்கள், கடைக்கும் வேலைக்கும் மட்டும் ஊருக்குள் ஓடுகிறீர்கள் என்றால் மாற்றாமல் விடலாம். ஒன்ராறியோவில் அது உங்கள் தெரிவு. ஆனால் கேஜைக் கையில் எடுக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் அந்தத் தெரிவைச் செய்யுங்கள். விளக்கின்மேல் கறுப்பு ரேப் ஒட்டுவது வேண்டாம்.

தண்டு மட்டும் கெட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். சில வகைகளில் சென்சரை வைத்துக்கொண்டு தண்டை மட்டும் மாற்றலாம். ரப்பர் வளையம், நட்டு, ஊசி, மூடி அடங்கிய சேர்விஸ் கிற் சில டொலர்தான். ரயர் மாற்றும்போதெல்லாம் அதைப் புதிதாகப் போடவேண்டும். பழைய ரப்பர் வளையத்தோடு திருப்பிப் பூட்டிய சென்சர்தான் பிறகு மெதுவாகக் காற்று விடும்.

7. எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது

வட அமெரிக்காவில் பல வாகனங்கள் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பிய வகைகளும் புதிய பலவும் 433 மெகாஹேர்ட்ஸ். வடிவம் ஒன்றாக இருந்தாலும் அலைவரிசை மாறினால் வாகனத்துக்குக் கேட்காது. இணையத்தில் நாலு சென்சர் அடிமாட்டு விலைக்கு வருகிறது என்று வாங்கி வந்து, பூட்டியபின் வேலைசெய்யாமல் திரும்ப ரயரை இறக்கியவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது கூலி, மிச்சம் பிடித்த காசைவிடக் கூட.

கம்பனியின் சொந்தச் சென்சர் தவிர, ஷ்ரேடர், ஓட்டெல் போன்றவை செய்யும் புரோகிராம் பண்ணும் சென்சர்களும் உண்டு. என்னுடைய தெரிவு பெரும்பாலும் இவைதான். பழைய சென்சரின் அடையாள எண்ணையே இவற்றில் எழுதிவிடலாம். குளோன் என்று கடையில் சொல்வார்கள். வாகனத்துக்குச் சென்சர் மாறியதே தெரியாது.

குளோன் செய்யாவிட்டால் புதிய எண்ணை வாகனத்துக்கு அறிமுகம் செய்யவேண்டும். சில வாகனங்கள் கொஞ்ச நேரம் ஓடினால் தாமே பிடித்துக்கொள்ளும். ஜிஎம் வாகனங்கள் பலவற்றில் கற்றல் நிலைக்குக் கொண்டுபோய், சாரதிப் பக்க முன்சில்லில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கருவியைப் பிடிக்க, ஹோர்ன் ஒருமுறை அடித்துச் "சரி" சொல்லும். ரொயோற்றாக்கள் பலவற்றில் ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள இணைப்புத் துவாரத்தில் கருவியைச் செருகி எண்ணை எழுதவேண்டும். அதனால் வேலையைக் கொடுக்குமுன்னரே, "அறிமுகம் செய்கிற கூலியும் இந்த விலைக்குள்தானா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

8. விண்ரர் ரயருக்கும் சென்சர் வேண்டுமா?

தனி றிம்மில் விண்ரர் ரயர் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது. அந்த நாலு சில்லிலும் சென்சர் இல்லாவிட்டால் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை விளக்கு எரியும், அவ்வளவுதான், வாகனம் ஓடும். கியூபெக்கில் டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை விண்ரர் ரயர் கட்டாயம், ஒன்ராறியோவில் போட்டால் காப்புறுதியில் கழிவு கிடைக்கும். இரண்டிலும் கேட்பது ரயரைத்தான், சென்சரை அல்ல.

ஆனாலும், வாகனத்தை இன்னும் நாலு வருடமாவது வைத்திருப்பீர்கள் என்றால் போட்டுவிடச் சொல்வேன். காற்று ஆகக்கூட இறங்குவது குளிரில். -20 பாகையில் பார்க்கிங்கில் குனிந்து நின்று, கையுறையைக் கழற்றி, நாலு மூடியையும் திறந்து கேஜ் பிடிக்க யாருக்கும் மனம் வராது. புதிய ரயரை றிம்மில் ஏற்றும் நாளிலேயே கோடை ரயரில் இருக்கும் சென்சர்களின் எண்ணைக் குளோன் செய்து போட்டால், வருடம் இரண்டு தடவை சில்லை மாற்றும்போது அறிமுகக் கூலியும் இல்லை. ஒரு எச்சரிக்கை: குளோன் செய்த இரண்டு செற்றையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைக்காதீர்கள். கழற்றிய சில்லுகளை வாகனத்துக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போனால் எதன் செய்தி எது என்று வாகனம் குழம்பலாம்.

9. வாகனத்தை எடுக்குமுன்

பத்து நிமிடம் ஓடிப்பார்த்து, விளக்கு அணைந்தபின் காசைக் கட்டுங்கள். பழைய சென்சரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உடைந்ததா, உப்பரித்ததா என்று தெரியும். புதியவற்றின் அடையாள எண்களைப் படம் எடுத்து, பூட்டிய திகதியைப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதி, முன் இருக்கைப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த ஏழு, எட்டு வருடத்தில் விளக்கு மின்னும்போது அந்தத் திகதிதான் முதலில் உதவும்.

கேஜும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். 25 வீதம் குறையும்வரை விளக்கு பேசாமலே இருக்கலாம். 33 இருக்கவேண்டிய ரயர் 27இல் ஓடினாலும் அது அணைந்தே இருக்கலாம், ரயர் இரண்டு ஓரத்திலும் தேயும், எண்ணெயும் கூடப் பிடிக்கும். மாதம் ஒருமுறை, சம்பளம் வரும் நாள் என்று ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொண்டு, காலையில் வெளிக்கிடுமுன் பாருங்கள். மேல்மாடி அண்ணை இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, கோயிலுக்குப் போகுமுன் கேஜோடு கீழே நிற்கிறார்.